சிப்காட் வாசலோடு நின்றுபோகும் சமூக நீதி

2024-25இல் தமிழ்நாட்டின் பொருளாதாரம் 11.19 விழுக்காடு வளர்ந்திருக்கிறது. அதே ஆண்டில் இந்தியா ஏற்றுமதி செய்த மின்னணுப் பொருட்களில் 41 விழுக்காடு இங்கிருந்துதான் போயிருக்கிறது; மதிப்பு 1,465 கோடி டாலர். ஆளுங்கட்சி இதைத் தன் சாதனை என்கிறது. எதிர்க்கட்சியோ, அடித்தளம் போட்டது நாங்கள் என்கிறது. இன்னொரு பக்கம், அந்நிய நிறுவனங்கள் சுரண்டிக் கொழுக்கின்றன, உள்ளூர்த் தொழில் நசிகிறது என்ற குரல். இடதுசாரித் தோழர்களும் இதைச் சொல்கிறார்கள், அவர்களுக்கு நேர் எதிரே நிற்கும் சுதேசி ஜாக்ரண் மஞ்ச்காரர்களும் சொல்கிறார்கள். இத்தனை பேர் பேசும் இந்த விவாதத்தில் சாதி என்ற சொல் மட்டும் வருவதே இல்லை. முதலாளி அந்நியரா உள்ளூர்க்காரரா என்று கேட்கிறார்கள். நிலம் யாருடையதாக இருந்தது, உள்ளே யார் எந்த வேலையில் நிற்கிறார்கள், வெளியே யாருக்கு கான்ட்ராக்ட் போகிறது என்று கேட்பதில்லை.

அந்நிய மூலதனத்தின் மீதான குற்றச்சாட்டு பொய் என்று நான் சொல்லவில்லை. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் செய்துவரும் ஹூண்டாய், 2024 அக்டோபரில் பங்குச் சந்தைக்கு வந்தது. 27,870 கோடி ரூபாய். அதுவரை இந்தியா கண்ட மிகப் பெரிய பங்கு வெளியீடு. அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட இருங்காட்டுக்கோட்டைக்கு வரவில்லை. புதிய பங்கு எதையும் அவர்கள் விற்கவில்லை. கொரியத் தாய் நிறுவனம் தன் கையிலிருந்த பங்குகளில் ஒரு பகுதியை விற்று, முழுத் தொகையையும் எடுத்துக்கொண்டது. சட்டப்படி சரிதான். ஆனால் கால் நூற்றாண்டாகச் சாலையும் தண்ணீரும் மின்சாரமும் வரிச்சலுகையும் கொடுத்து அந்தப் பங்கின் விலையை ஏற்றிவிட்டதில் தமிழ்நாட்டு மக்களின் பணமும் இருக்கிறது.

நோக்கியாவின் கதை இதைவிடக் கசப்பானது. 2005இல் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம், 2006 தொடக்கத்தில் உற்பத்தி. சிப்காட்டில் இருநூறு ஏக்கருக்கு மேல் நிலம், சிறப்புப் பொருளாதார மண்டலத் தகுதி, கட்டிய விற்பனை வரியைத் திருப்பித் தரும் ஏற்பாடு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்கள் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ் ஏறினார்கள். உச்சத்தில் சுமார் 8,000 பேர் நேரடி வேலையில் இருந்தார்கள். உலகச் சந்தையில் நோக்கியா சரிந்தது; கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்றது; இங்கே வரி வழக்கில் சொத்து முடக்கப்பட்டதால் ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் அந்த விற்பனைக்கு வெளியே நின்றது. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. அடுத்த சில மாதங்களில் பக்கத்திலிருந்த ஃபாக்ஸ்கான் ஆலையும் மூடியது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2019இல், சால்காம்ப் என்ற சார்ஜர் நிறுவனம் அந்த ஆலையை வாங்கப்போவதாக அறிவிப்பு வந்தது. கட்டடம் ஐந்து ஆண்டு காத்திருக்கும். இருபத்து நான்கு வயதுப் பெண்ணால் காத்திருக்க முடியுமா? பெரும்பாலானோர் விருப்ப ஓய்வுத் தொகையை வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பினார்கள். அந்த வயதில் ‘விருப்ப ஓய்வு’ என்பதே ஒரு விசித்திரமான சொல்தான்.

இவ்வளவும் சொன்ன பிறகு ‘ஆகவே உள்ளூர் முதலாளியை ஆதரிப்போம்’ என்று முடிப்பதுதான் வழக்கம். அங்கேதான் நான் விலகி நிற்கிறேன். சுமங்கலித் திட்டத்தை நடத்தியது எந்த அந்நிய நிறுவனம்? கோவை, திருப்பூர், திண்டுக்கல் பகுதி நூற்பாலைகள் பதின்வயதுப் பெண்களை மூன்று ஆண்டு ஹாஸ்டலில் அடைத்து, கூலியில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்து, கடைசியில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகத் தருகிறோம் என்றன. வந்தவர்களில் தலித் குடும்பப் பெண்கள் கணிசம். பல பெண்கள் உடல் கெட்டு இடையிலேயே திரும்பினார்கள். மொத்தத் தொகை கைக்கு வரவில்லை. ஆலை நம்ம ஊர்க்காரருடையது, பெயர் சாமி பெயர், ஆயுதபூஜைக்குப் பொரியும் கடலையும் உண்டு. உலக ஊடகங்களில் செய்தி வந்து, வெளிநாட்டு பிராண்டுகள் பதில் சொல்ல வேண்டிய நிலை வந்த பிறகுதான் பல ஆலைகள் அந்தப் பெயரையாவது கைவிட்டன. சுதேசி என்பது சாதியற்ற இடம் அல்ல. பெரும்பாலும் சாதி முதலாளியாக உட்கார்ந்திருக்கும் இடம் அது.

அண்ணல் அம்பேத்கர் ஆலைகளுக்கு எதிரியாக இருந்தவரும் அல்லர். 1918இல் சிறு நிலவுடைமை பற்றி எழுதிய கட்டுரையிலேயே, நிலத்தை நம்பிக் கிடக்கும் உபரி மக்களைத் தொழில்மயமாக்கல்தான் விடுவிக்கும் என்று வாதிட்டார். அதே அம்பேத்கர்தான், பம்பாய் நூல் ஆலைகளின் நெசவுப் பிரிவில் தலித்துகளைச் சேர்க்காததை எதிர்த்துக் கேட்டார். அறுந்த நூலை வாயில் வைத்து ஈரப்படுத்தி முடிச்சுப் போட வேண்டும். எச்சில் பட்ட நூலைச் சாதி இந்துத் தொழிலாளி தொடமாட்டார். கூலி அதிகம் கிடைக்கும் பிரிவு அதுதான். ஆலை நவீனமானது, இயந்திரம் இங்கிலாந்திலிருந்து வந்தது, ஆனால் தறிக்கு முன்னால் யார் நிற்கலாம் என்பதைத் தீர்மானித்தது சேரிக்கும் ஊருக்கும் நடுவிலிருந்த பழைய கோடு.

அந்தக் கோடு இன்று எங்கே ஓடுகிறது என்று பார்க்க, முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலை நகர் எல்லாம் பழைய செங்கல்பட்டு மாவட்டம். 1891இல் அந்த மாவட்டத்தின் கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை கொடுத்தார். மிராசுதார்கள் தாங்கள் உழுத நிலத்துக்கு மட்டுமல்ல, தரிசாகக் கிடந்த நிலத்துக்கும் முன்னுரிமை கோர முடிந்த மாவட்டம் அது. உழைப்பவர் மனுப் போட்டால் மிராசுதார் குறுக்கே விழுவார். அந்த அறிக்கையின் விளைவாக 1892இல் வந்ததுதான் பஞ்சமி நில ஆணை. மாகாணம் முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் அந்த நிலங்களில் பெரும்பகுதி கைமாறிப் போனது. அதை மீட்கக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10 அன்று இதே செங்கல்பட்டில், காரணை நிலப் போராட்டத்தில், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு தோழர்கள் உயிரிழந்தார்கள். ஜான் தாமஸ், ஏழுமலை. இரண்டே ஆண்டில், 1996இல், ஹூண்டாயோடு ஒப்பந்தம். அதற்கு அடுத்த ஆண்டு, தொழில் நோக்கங்களுக்காக நிலம் எடுக்கத் தனிச் சட்டத்தையே தமிழ்நாடு உருவாக்கிக்கொண்டது. நூறாண்டாகத் தலித்துகளுக்கு ஓர் ஏக்கரை மீட்டுத்தர முடியாத அதே வருவாய்த் துறைக்கு, கம்பெனிக்கு என்றதும் ஆயிரக்கணக்கான ஏக்கரைத் தேடிச் சேர்க்கும் சுறுசுறுப்பு எங்கிருந்து வந்தது?

நிலம் எடுத்தால் இழப்பீடு யாருக்குப் போகும்? பட்டா வைத்திருப்பவருக்கு. தலைமுறை தலைமுறையாக அந்த வயலில் நாற்று நட்டவருக்குப் பட்டா இல்லை. ஆகவே சட்டத்தின் கண்ணில் அவர் எதையும் இழக்கவில்லை. 2013ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம்தான் நிலமற்ற கூலிகளையும் குத்தகைக்காரர்களையும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்று எழுதியது. சமூகத் தாக்க மதிப்பீடு கட்டாயம் என்றது, தனியார் திட்டத்துக்கு 80 விழுக்காட்டுக் குடும்பங்களின் சம்மதம் வேண்டும் என்றது. தமிழ்நாடு என்ன செய்தது? 105-ஏ என்ற பிரிவைச் சேர்த்துத் தன்னுடைய 1997 சட்டத்துக்கு விலக்கு வாங்கியது. 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றபோது, புதிய சட்டம் போட்டு உயிர் கொடுத்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இதில் அதிமுக, திமுக என்ற வேறுபாடே இல்லை. சமூகத் தாக்க மதிப்பீடு இல்லையென்றால், அந்த நிலத்தை நம்பி எத்தனை சேரிக் குடும்பங்கள் பிழைத்தன என்று எண்ணவே வேண்டியதில்லை.

விளைவை ஸ்ரீபெரும்புதூர் சுற்று வட்டாரத்தில் ஒரு நாள் நடந்தாலே பார்க்கலாம். நிலம் இருந்தவர் இழப்பீட்டில் வேன் வாங்கினார், தண்ணீர் லாரி விட்டார், தொழிலாளர்களுக்கு வாடகை வீடு கட்டினார், பிறகு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர் ஆனார். நிலம் இல்லாதவர் அந்த வேனில் ஏறி, அந்தக் கான்ட்ராக்டரிடம் வேலைக்குப் போனார். பன்னாட்டு நிறுவனம் வந்து ஊர் மாறிவிட்டது என்கிறோம். ஊருக்குள் யார் யாருக்குக் கீழே என்ற வரிசை மாறியதா?

பெண்களிடம் வருவோம், ஏனென்றால் இந்த வளர்ச்சியின் தோளே அவர்கள்தான். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் 43 விழுக்காட்டினர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்று 2019-20ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கணக்கெடுப்பு சொல்கிறது. இது சாதாரண விஷயம் அல்ல. சொந்தச் சம்பளம், சொந்த வங்கிக் கணக்கு, அப்பா அண்ணன் கண்ணுக்கு வெளியே ஓர் ஊர். சாதி மறுத்துத் திருமணம் செய்துகொண்ட எத்தனையோ பேருக்கு இந்த வேலைதான் காலூன்றும் தரை. ஹாஸ்டல் சாப்பாடு கெட்டு நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனைக்குப் போனபோது, 2021 டிசம்பரில் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவு முழுக்க உட்கார்ந்து ஃபாக்ஸ்கான் ஆலையை வாரக்கணக்கில் நிறுத்தியவர்கள் இந்தப் பெண்கள்தாம். பின்னால் எந்தப் பெரிய சங்கமும் இல்லை.

இந்தப் பெண்களைத்தான், கல்யாணம் ஆகிவிட்டால் வேண்டாம் என்றார்கள். ஃபாக்ஸ்கானின் ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் ஆலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட்டுகள் திருமணமான பெண்களைத் தவிர்த்ததை 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் அம்பலப்படுத்தியது. குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், அதிக விடுப்பு என்று காரணங்கள். தாலி, மெட்டி போன்ற உலோக நகைகள் உற்பத்திக்கு இடைஞ்சல் என்ற காரணமும் உண்டு. புதிதாக எடுத்தவர்களில் 25 விழுக்காட்டினர் திருமணமானவர்கள் என்று நிறுவனம் மறுத்தது. திருமண நிலையைக் காட்டிப் பாகுபாடு கூடாது என்று ஆப்பிள், ஃபாக்ஸ்கான் இரண்டின் நடத்தை விதிகளிலும் எழுதியிருக்கிறது. எழுதியதற்கும் நடந்ததற்கும் உள்ள தூரத்தைப் பற்றிப் பெண்ணுரிமை நோக்கில் பலர் எழுதிவிட்டார்கள். சாதி ஒழிப்பு நோக்கில் பார்த்தால் இன்னொன்று தெரிகிறது.

சாதியின் உயிர்நிலை அகமணம் என்று 1916லேயே அம்பேத்கர் நிறுவினார். பெண்ணின் திருமணத்தைக் கட்டுப்படுத்தித்தான் சாதி தன்னைக் காத்துக்கொள்கிறது. இப்போது இந்த ஏற்பாட்டைப் பாருங்கள். பதினெட்டு வயதில் பெண்ணைக் குடும்பம் அனுப்புகிறது. வார்டன், வருகைப் பதிவு, வெளியே போக அனுமதி, கம்பெனி பஸ் என்று ஹாஸ்டல் அவளைப் ‘பத்திரமாக’ வைத்துக்கொள்கிறது. குடும்பம் பார்த்த மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டும் வயதில் அவளை ஆலை திருப்பி அனுப்புகிறது. அவள் கையில் வேலை நிலைத்திருக்கும் வயதும், சொந்தமாக முடிவெடுக்கும் வயதும் சேர்ந்து வராமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு இது. முதலாளித்துவம் வந்தால் சாதி தானாக உடையும் என்று நம்பிய தோழர்கள் கவனிக்க வேண்டும்: தைவான் நிறுவனத்துக்குச் சாதி பற்றி ஒன்றும் தெரியத் தேவையில்லை. சாதிக் குடும்பம் வடிவமைத்துக் கொடுத்த பெண்ணை ஐந்தாறு ஆண்டு வாடகைக்கு எடுத்தால் அதற்குப் போதும்.

வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாயில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை 2024 ஆகஸ்டில் முதல்வர் திறந்துவைத்தார். நல்ல அறை, நல்ல குளியலறை அவர்களுக்குக் கிடைக்கட்டும். பத்துப் பேர் ஒரே அறையில் படுத்த காலத்தைவிட மேல். ஆனால் கல்யாணம் ஆனவளுக்கு, குழந்தையோடு இருப்பவளுக்கு, ஊரை எதிர்த்துத் துணையைத் தேடிக்கொண்டவளுக்கு அதே சிப்காட்டில் வீடும் குழந்தைகள் காப்பகமும் எங்கே?

சங்கத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீங்கள் அறிந்ததுதான். சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கத்தின் பெயரில் ‘சாம்சங்’ என்ற சொல் இருக்கக் கூடாது, அது எங்கள் வணிகச் சின்னம் என்று நிறுவனம் வாதிட்டது. தொ.மு.ச. வைத்திருக்கும் கட்சியின் ஆட்சியில் போராட்டப் பந்தலைப் போலீஸ் பிரித்தது. உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரி 27 அன்றுதான் சங்கம் பதிவானது. சங்கத்தை நிர்வாகம் கட்டாயம் அங்கீகரிக்க வேண்டும் என்ற மசோதாவை வைஸ்ராய் கவுன்சிலின் தொழிலாளர் உறுப்பினராக அம்பேத்கர் கொண்டுவந்தது 1943இல். வாரத்துக்கு 54 மணி நேரம் என்பதை 48ஆகக் குறைத்ததும் அவர் அந்தப் பொறுப்பில் கொண்டுவந்த மசோதாதான். அதைத்தான் 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலை மசோதாவால் நெகிழ்த்தப் பார்த்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் மே நாளன்று திரும்பப் பெற்றார்கள்.

ஆனால் சங்கத் தோழர்களுக்கும் ஒரு பழைய கணக்கை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1921இல் சென்னை பெரம்பூரில், பிரிட்டிஷ் பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம் - கர்நாட்டிக் ஆலைகளில், மாதக்கணக்கில் நீடித்த வேலைநிறுத்தம். ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் அதில் சேரவில்லை. சேர வேண்டாம் என்றவர் எம்.சி. ராஜா. புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன. அந்நிய முதலாளி பிளவைப் பயன்படுத்திக்கொண்டார் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. சரி. பிளவை உண்டாக்கியது யார்? ஆலைக்குள் ‘தோழர்’, தெருவுக்குள் ‘நீ அந்தப் பக்கம்’ என்றிருந்த உறவுதானே? நிரந்தரத் தொழிலாளியின் சம்பளத்துக்கு 37 நாள் போராடும் சங்கம், கான்ட்ராக்டில் கழிவறை கழுவும் அக்காவையும் உறுப்பினராகச் சேர்க்கிறதா? ஹவுஸ்கீப்பிங் சீருடைக்குள் இருப்பவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று கேட்கிறதா?

தமிழனுக்கே வேலை என்ற முழக்கமும் இந்த இடத்தில் நமக்கு உதவாது. 75 விழுக்காட்டு வேலை தமிழர்களுக்கு என்று சட்டம் போடுவோம் என திமுக 2021 தேர்தல் அறிக்கையில் சொன்னது. எந்தத் தமிழர், எந்த வேலையில் என்று யாரும் சொல்லவில்லை. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து ஷெட்டில் படுத்திருப்பவர்களில் நம்மைப் போல நிலம் மறுக்கப்பட்டவர்கள் நிறைய. அவர்களை விரட்டினால் சூப்பர்வைசர் நாற்காலி நமக்கு வந்துவிடாது.

சரி, என்ன கேட்கலாம்? தமிழ்நாட்டில் 69 விழுக்காடு இடஒதுக்கீடு. தாழ்த்தப்பட்டோருக்கு 18, பழங்குடியினருக்கு 1. கிராம நிர்வாக அலுவலர் பணிக்கு உண்டு, அரசுப் பள்ளிக்கு உண்டு. அரசு எடுத்துக் கொடுத்த நிலத்தில், அரசு போட்ட சாலையில், அரசின் முதலீட்டு மானியத்தோடு நடக்கும் ஆலையின் வாசலில் அது நின்றுவிடுகிறது. ‘தனியார்’ என்பார்கள். மத்திய அரசு 2020இல் கைப்பேசிக்கென அறிவித்த உற்பத்தி சார்ந்த ஊக்கத் திட்டத்தின் ஒதுக்கீடு மட்டும் சுமார் 41,000 கோடி ரூபாய்; கூடுதலாக விற்கும் சரக்கின் மதிப்பில் 4 முதல் 6 விழுக்காடு. இவ்வளவு பொதுப்பணம் வாங்குவதில் அவர்களுக்குக் கூச்சமில்லை. பொதுக் கடமை என்றதும் மட்டும் தனியார் ஆகிவிடுகிறார்கள்.

இடஒதுக்கீட்டுச் சட்டத்துக்கு முந்தைய படியாக, எண்ணிக்கையையாவது கேட்போம். அமெரிக்காவில் 100 பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் தனியார் நிறுவனங்கள், எந்தப் பதவி நிலையில் எத்தனை கறுப்பினத்தவர், எத்தனை பெண்கள் என்று ஆண்டுதோறும் அரசுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். ஆப்பிளும் கொடுக்கிறது. சிஸ்கோ மீது 2020இல் கலிஃபோர்னியா அரசு சாதிப் பாகுபாடு வழக்குத் தொடுத்த காலத்தில், ஆப்பிள் தன் அமெரிக்க ஊழியர் நடத்தை விதியில் ‘சாதி’ என்ற சொல்லையே சேர்த்தது. ஃபோர்டு 1978இல் அமெரிக்காவில் கறுப்பினத்தவர் உள்ளிட்ட சிறுபான்மையினர் நடத்தும் நிறுவனங்களிடம் உதிரிபாகம் வாங்குவதற்கென்றே தனித் திட்டம் தொடங்கியது. அதே ஃபோர்டு கால் நூற்றாண்டு மறைமலை நகரில் இருந்தது. நம் பையன்கள் அம்பத்தூரிலும் திருமுடிவாக்கத்திலும் லேத் பட்டறை வைத்திருக்கிறார்கள். அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் அரசு 35 விழுக்காடு மானியம் தருகிறது, இயந்திரம் வாங்கலாம். ஆர்டர்? பெரிய நிறுவனத்தின் சப்ளையர் பட்டியலுக்குள் நுழையச் சித்தப்பாவோ மாமாவோ அங்கே இருக்க வேண்டும். நம் மாமாக்கள் அங்கே இல்லை. ஃபோர்டு மீண்டும் வருவதாகச் சொல்கிறது. டெட்ராய்ட்டில் செய்ததை இங்கேயும் செய் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுத என்ன தடை?

நடக்கவே நடக்காது என்பவர்களுக்குத் திண்டுக்கல்லைச் சொல்ல வேண்டும். 2021 ஜனவரியில் அங்கே ஆடை ஆலையில் வேலை செய்த இருபது வயது தலித் பெண் கொல்லப்பட்டார். கைதானவர் அவருடைய சூப்பர்வைசர். தலித் பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடவில்லை. 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸும் எச் அண்ட் எம்மும், பிறகு கேப், பிவிஎச் ஆகிய வெளிநாட்டு பிராண்டுகளும் கையெழுத்திட்ட, சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் வந்தது. பாலியல் வன்முறையோடு சாதிப் பாகுபாட்டையும் அது பெயர் சொல்லித் தடுக்கிறது. ஆலைத் தளத்தில் கண்காணிக்கத் தொழிலாளர்களிலிருந்தே பெண்களைப் பயிற்சி கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். ஆலை மீறினால் பிராண்டுகள் ஆர்டரைக் குறைக்க வேண்டும். உள்ளூர் முதலாளியை வழிக்குக் கொண்டுவர அந்நியக் கம்பெனியின் ஆர்டர் புத்தகத்தைப் பிடித்தார்கள் அந்தப் பெண்கள்.

மின்னணு ஆலைகளில் இப்படி எதுவும் இன்னும் இல்லை. தொடங்க ஒரு வழி: தொழில் துறைக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. கடந்த பத்தாண்டில் தனிச் சலுகைத் தொகுப்பு பெற்ற ஒவ்வொரு நிறுவனத்துக்கும் எவ்வளவு கொடுத்தீர்கள், அங்கே நிரந்தரம் எத்தனை பேர், கான்ட்ராக்ட் எத்தனை பேர், அவர்களில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்கள் எத்தனை பேர், எந்தப் பதவியில். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். அப்படி ஒரு விவரம் எங்களிடம் இல்லை என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். முத்திரையோடு அந்தப் பதிலை வாங்கி வையுங்கள். அடுத்த சட்டமன்றக் கூட்டத் தொடரில் கேள்வி கேட்கும் உறுப்பினருக்கு அது தேவைப்படும்.